கொடுக்கும் காலமும் கொடாத காலமும்



நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் ஒரு காட்சி. குழந்தை வெளிறிப்போய் இருக்கிறது. விளையாட்டில் நாட்டமில்லை, படிக்க உட்கார்ந்தால் சோர்ந்து சாய்கிறது. மருத்துவர் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "இரத்தம் குறைவாக இருக்கிறது" என்கிறார். இரும்புச்சத்து மருந்து எழுதித் தருகிறார். தாயின் உள்ளம் துடிக்கிறது. ஒரு கரண்டி என்றால் ஒன்றரைக் கரண்டியாகக் கொடுத்துவிட்டால் விரைவில் தேறிவிடுமே என்று எண்ணுகிறாள். இடையில் காய்ச்சல் வந்தாலும் அவள் மருந்தை நிறுத்துவதில்லை. "காய்ச்சலில் பிள்ளை உருகிப்போய்விட்டதே! இப்பொழுதன்றோ சத்து வேண்டும்!" என்பது அவளுடைய வாதம்.

அன்பு அப்படித்தான் பேசும். அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், நல்லதைக் கொடுப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதுமா? எப்பொழுது கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று அறியவும் வேண்டாமா? இக்கேள்வியைப் பல்லாண்டுக் காலம் பொறுமையுடன் ஆராய்ந்த ஒரு பேராசிரியரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

காம்பியாவில் ஒரு சிற்றூர்

அவர் பெயர் ஆண்ட்ரூ பிரென்டிஸ், இங்கிலாந்து நாட்டவர். இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் பன்னாட்டு ஊட்டச்சத்துத் துறைப் பேராசிரியராக விளங்கியவர். எனினும் அவருடைய மெய்யான பள்ளிக்கூடம் இலண்டனில் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், மூன்று பக்கமும் செனகல் நாட்டினால் சூழப்பட்டு, ஓர் ஆற்றின் இரு கரையிலும் நாடா போல் நீண்டு கிடக்கும் காம்பியா என்னும் சிறு நாட்டில், கெனெபா என்ற சிற்றூரில் இருந்தது.

கெனெபாவுக்கு முதலில் சென்றவர் இயன் மக்கிரகர் என்ற மருத்துவர். 1949-ஆம் ஆண்டு முதல் அவர் அங்கு மலேரியாக் காய்ச்சலையும் குழந்தைகளின் வளர்ச்சியையும் ஆராய்ந்தார். ஐந்து வயதைக் காணாமலே எண்ணற்ற குழந்தைகள் மடிந்த காலம் அது. 1974-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ரோஜர் ஒயிட்ஹெட் என்பாரின் தலைமையில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர் சென்று அங்கே நிலையானதோர் ஆய்வுக்கூடத்தை அமைத்தனர். அக்குழுவில் இளம் விஞ்ஞானியாகச் சேர்ந்தவரே பிரென்டிஸ். அவருடைய மனைவியார் ஆன் பிரென்டிஸ் அம்மையாரும் ஊட்டச்சத்து அறிஞரே. எலும்பின் வலிமையையும் சுண்ணாம்புச்சத்தையும் பற்றி அதே ஊர்த் தாய்மாரிடையே அவர் ஆராய்ந்து புகழ் பெற்றார்.

கெனெபாவில் ஆண்டுதோறும் மழைக்காலம் வரும். அதனோடு பசியும் வரும். முந்திய அறுவடையின் தானியம் தீர்ந்துபோகும். புதிய அறுவடை இன்னும் கைக்கு வராது. அவ்வேளையில்தான் வயலில் வேலை மிகுதி. கொசுவும் மலேரியாவும் மிகுதி. கருவுற்ற பெண்களும் குனிந்து நாற்று நடுவர். அம்மாதங்களில் பிறக்கும் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன.

இதற்கு மருந்தாக, வறுத்த நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் ஆகியவற்றால் பிஸ்கட்டுகள் செய்து, கருவுற்ற தாய்மாருக்கு நாள்தோறும் அளித்துப் பார்த்தனர் பிரென்டிஸும் அவருடைய தோழர்களும். 1997-இல் அவ்வாய்வின் முடிவு வெளியாயிற்று. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தனர். செத்துப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று. பசித்தவருக்கு உணவு அளித்தால் நன்மை விளையும். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் இரும்புச்சத்தின் கதை இவ்வளவு எளிதாய் இருக்கவில்லை.

திருடனுக்கும் பசி உண்டு

இரத்தத்தின் செம்மை இரும்பினால் வருவது. வளர்ந்த மனிதனின் உடலில் மூன்று, நான்கு கிராம் இரும்பே உண்டு. ஓர் ஆணியின் அளவுதான். அதில் பெரும்பகுதி சிவப்பணுக்களில் இருந்துகொண்டு, நாம் இழுக்கும் மூச்சின் உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இரும்பு குறைந்தால் சோர்வு. குழந்தைக்கு அறிவு வளர்ச்சியில் தடை. தாய்க்குப் பேறுகாலத்தில் ஆபத்து. ஆகவே இரும்பு நமக்கு இன்றியமையாதது.

நோய்க்கிருமிக்கும் அது இன்றியமையாததே என்பதுதான் இங்குள்ள சிக்கல். ஏறக்குறைய எல்லாக் கிருமிகளும் பெருகுவதற்கு இரும்பை நாடுகின்றன. 1860-களிலேயே பாரிஸ் நகரத்தின் புகழ் பெற்ற மருத்துவர் அர்மான் துரூசோ, உள்ளே எலும்புருக்கி நோய் ஒளிந்திருப்பவருக்கு இரும்பு மருந்து கொடுத்தால் அந்நோய் கிளர்ந்தெழும் என்று தம் மாணாக்கரை எச்சரித்தார். 1944-இல் ஷேட், கரோலின் என்னும் இரு ஆராய்ச்சியாளர் பச்சை முட்டையின் வெண்கருவில் கிருமிகள் வளராமைக்குக் காரணம் தேடினர். வெண்கரு இரும்பைப் பற்றிக்கொண்டு கிருமிக்குக் கொடாமல் வைத்திருப்பதே காரணம் என்று கண்டனர். இரும்பைச் சேர்த்தவுடன் கிருமிகள் தடையின்றிப் பெருகின. மனித இரத்தத்திலும் அத்தகைய காவற்பொருள் உண்டென்பதை அவர்கள் 1946-இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் பேராசிரியர் யூஜின் வைன்பர்க் 1970-களில் இச்செய்திகளையெல்லாம் தொகுத்து, உடல் இரும்பை மறைத்து வைப்பது நோயை எதிர்க்கும் ஒரு போர்முறையே என்று நிலைநாட்டினார்.

1978-இல் சோமாலிய நாடோடி மக்களிடையே நடந்த ஓர் ஆய்வு மருத்துவ உலகைத் திகைக்கச் செய்தது. இரத்தத்தில் இரும்பு குறைந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்கு இரும்பு மாத்திரையும், மறு பகுதியினர்க்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் அளித்தனர். வெற்று மாத்திரை பெற்றவர்களிடையே 7 முறை தொற்றுநோய் கண்டது. இரும்பு பெற்றவர்களிடையே 36 முறை! அடங்கிக் கிடந்த மலேரியாவும் காசநோயும் சிலரிடம் விழித்தெழுந்தன.

இவ்வெச்சரிக்கையைப் பலர் மறந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில், இரத்தசோகை என்றால் இரும்பு என்பதே உலகெங்கும் வழக்கமாயிற்று. பின்னர் தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவில் பேராய்வு ஒன்று நடந்தது. மலேரியா ஆண்டு முழுவதும் பரவும் அவ்விடத்தில், ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நாள்தோறும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுக்கப்பட்டன. நன்மையை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. இரும்பு பெற்ற குழந்தைகள் இறப்பதோ, கடும் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்படுவதோ 12 விழுக்காடு மிகுதியாய் இருந்தது. 2003-இல் இரும்பு கொடுப்பது நிறுத்தப்பட்டது. 2006-இல் முடிவு வெளியாயிற்று. மலேரியா குறைந்த நேபாளப் பகுதியில் அதே முறையில் நடந்த ஆய்வில் அத்தகைய கேடு காணப்படவில்லை. பெம்பாவிலும், மெய்யாகவே இரும்புக்குறைவும் இரத்தசோகையும் உடையவர்கள் என்று சோதித்து அறியப்பட்டிருந்த குழந்தைகளுக்கு நன்மையே விளைந்தது. ஆக, அதே மருந்து ஒருவருக்கு வாழ்வும் மற்றவருக்குத் தீங்கும் ஆயிற்று.

பூட்டிய களஞ்சியம்

இந்தப் புதிரை அவிழ்ப்பதில்தான் பிரென்டிஸ் தம் பிற்கால ஆய்வுகளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அதற்கு ஒரு திறவுகோல் புதிதாகக் கிடைத்திருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. உடலின் இரும்புக் களஞ்சியத்துக்கு அதுவே காவலாளி.

ஊருக்குள் திருடர் புகுந்தார்கள் என்று கேள்விப்பட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? நெற்களஞ்சியத்தைப் பூட்டுவார், வெளியிலிருந்து வண்டியில் வரும் மூட்டையையும் "இன்று வேண்டாம், பிறகு வா" என்று திருப்பிவிடுவார். கிருமி உடலுக்குள் புகுந்தால் கல்லீரலும் அவ்வாறே செய்கிறது. ஹெப்சிடின் பெருகுகிறது. சேமிப்பில் உள்ள இரும்பு வெளிவராதபடி அடைக்கப்படுகிறது. உணவிலுள்ள இரும்பைக் குடல் இரத்தத்துக்குள் விடுவதில்லை. இரத்தத்தில் இரும்பு குறைகிறது. கிருமி பட்டினி கிடக்கிறது.

காம்பியக் குழந்தைகளிடம் இதனைப் பிரென்டிஸும் குழுவினரும் கண்ணாரக் கண்டனர். 2019-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மூக்கொழுகல், இருமல் போன்ற மூச்சுவழித் தொற்றுகளே ஹெப்சிடினைத் தூண்டி, குடலின் வாயிலை அடைத்துவிடுகின்றன என்று காட்டியது. பெரிய காய்ச்சல் வேண்டியதில்லை. அடிக்கடி வரும் சளியே போதும். ஒரு சளி தீருமுன் மறு சளி. வாயில் திறக்க நேரமே இல்லை. ஆகவே குழந்தை எவ்வளவு இரும்பு உண்டாலும் உடலில் சேர்வதில்லை. இரத்தசோகைக்குக் காரணம் தட்டில் இருந்த குறை மட்டுமன்று. குழந்தையைச் சூழ்ந்திருந்த நோயும்தான்.

அவ்வாண்டே வெளியான மற்றோர் ஆய்வு நம்மை வியப்பில் ஆழ்த்துவது. பச்சிளங்குழந்தை பிறந்த சில மணி நேரத்துக்குள் அதன் இரத்தத்திலுள்ள இரும்பு வேகமாகக் குறைகிறது என்றும், அதனால் அக்குருதியில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை என்றும் அவர்கள் கண்டனர். தாயின் கருவறைப் பாதுகாப்பை விட்டுக் கிருமிகள் நிறைந்த உலகுக்குள் அடியெடுத்து வைக்கும் அந்த நேரத்தில், யாரும் சொல்லித் தராமலே அச்சிறு உடல் தன் களஞ்சியத்தைப் பூட்டிக்கொள்கிறது! படைத்தவர் அந்தச் சிசுவுக்கு அளித்த முதல் கவசம் என்று இதனை நாம் போற்றத் தடையென்ன?

இதன் மறுபக்கத்தையும் அவர்கள் சோதித்தனர். நலமுள்ள தன்னார்வலர்களுக்கு இரும்பு மாத்திரை கொடுத்து, அதற்கு முன்னும், சில மணி நேரத்துக்குப் பின்னும் எடுத்த குருதிநீரில் கிருமிகளை வளர்த்தனர். பின்னர் எடுத்ததில் அவை விரைந்து பெருகின. இரத்தசோகையுள்ள காம்பியக் குழந்தைகளின் சிவப்பணுக்களில் மலேரியாக் கிருமி நன்கு வளர்வதில்லை என்பதும், இரும்பு கொடுத்தபின் அப்பாதுகாப்பு நீங்கிவிடுகிறது என்பதும் 2016-இல் தெரியவந்தன. மருந்து உண்டவுடன் புதிதாய்ப் பிறக்கும் இளம் சிவப்பணுக்களையே அக்கிருமி விரும்பித் தாக்குகிறதாம்.

தம் கருத்தையே தராசில் இட்டவர்

பிரென்டிஸின் ஆய்வுகளில் நம் உள்ளத்தைத் தொட்டது பிறிதொன்று.

ஹெப்சிடினின் அளவைப் பார்த்து, அது குறைந்திருக்கும் நாளில் மட்டும் இரும்பு கொடுத்தால் என்ன? உடல் வாயிலைத் திறந்திருக்கும் நேரம் பார்த்துக் கொடுப்பது அறிவுடைமை அன்றோ? அழகான கருத்து, அவருடைய குழுவின் நெடுநாள் உழைப்பிலிருந்து பிறந்த கருத்து. காம்பியாவில் கருவுற்ற தாய்மாரிடையே இதனைச் சோதித்தனர். ஒரு பகுதியினர்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழக்கமான முறைப்படி நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பு. மற்றவர்க்கு வாரந்தோறும் ஹெப்சிடினைச் சோதித்து, வேண்டும்போது மட்டும் இரும்பு.

2019-இல் முடிவு வந்தது. புதிய முறையினால் தனிப்பட்ட நன்மை ஏதும் இல்லை. அம்முறையில் தாய்மாரின் உடலில் இரும்பு குறைவாகவே சேர்ந்தது. கருவுற்ற தாய்மாருக்கு நாள்தோறும் இரும்பு கொடுக்கும் பழைய முறையே தொடரட்டும் என்று அவர்கள் எழுதினர்.

வாசகர்களே, இதனை எண்ணிப் பாருங்கள். தாம் பல்லாண்டு வளர்த்த கருத்தைத் தாமே தராசில் இட்டு, "குறைகிறது" என்று உலகறியச் சொல்வது எளிதா? குடும்பத்தில், "நான் சொன்னது தவறு" என்று ஒரு முறை சொல்ல நமக்கு எத்தனை நாள் ஆகிறது! உண்மைக்குப் பணிவதும் ஒரு வழிபாடுதான்.

நம் இல்லத்துக்கு என்ன பாடம்?

இவற்றைக் கேட்டு, "அப்படியானால் இரும்பு மாத்திரையே ஆபத்து" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டா. அது பெரும் பிழையாகும். நம் நாட்டில் 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினரும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். கருவுற்ற தாய் இரும்பு மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும் என்பதையே பிரென்டிஸின் ஆய்வும் உறுதி செய்தது. பள்ளியில் வாரந்தோறும் பிள்ளைகளுக்குத் தரும் மாத்திரையும் நலமுள்ள பிள்ளைக்கு நன்மையே.

ஆனால் காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, நிமோனியாவோ கண்டிருக்கும் நாட்களில் இரும்பு மருந்தை நிறுத்திவைத்து, குணமானபின் தொடர வேண்டும் என்பது நம் அரசின் இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலேயே உள்ள விதி. பட்டினியால் கடுமையாக மெலிந்த குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தாலும், முதல் வாரத்தில் இரும்பு கொடுப்பதில்லை. முதலில் நோய்த்தொற்றுக்கு மருந்தும், சிறிது சிறிதாகப் பாலுணவும். உடல் தேறி எடை ஏறத் தொடங்கியபின் இரும்பு. தலசீமியா என்னும் பிறவி இரத்தநோய் உடையவர்க்கு மருத்துவர் சொல்லாமல் இரும்பு கூடாது. மருந்தளவைத் தாமாகவே கூட்டுவதும் கூடாது. மிட்டாய் போலத் தோன்றும் இரும்பு மாத்திரைகளைச் சிறு குழந்தைகள் அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

நிறுத்திவைப்பது மாத்திரையை மட்டுமே, உணவையன்று. காய்ச்சலுற்ற குழந்தைக்குக் கஞ்சியும் தாய்ப்பாலும் நீரும் தடையின்றிக் கொடுக்க வேண்டும். இதில் ஐயம் நேர்ந்தால், அக்கம்பக்கத்தாரைக் கேளாமல் மருத்துவரையோ கிராமச் செவிலியரையோ கேளுங்கள்.

மற்றொரு பாடமும் உண்டு. சளியும் பேதியும் மாறி மாறி வரும் வீட்டில் எத்தனை புட்டி சத்துமருந்து வாங்கினாலும் பூட்டிய கதவில் முட்டுவது போலத்தான். கைகழுவச் சோப்பு, கொதித்தாறிய குடிநீர், கழிப்பறை, கொக்கிப்புழு ஏறாமல் காலில் செருப்பு, காலத்தில் போடும் தடுப்பூசி, புகையில்லா அடுப்பங்கரை ஆகிய இவையும் இரும்புச்சத்து மருந்துகளே. இவற்றைச் செய்தால் உடல் தானே கதவைத் திறக்கும். அப்பொழுது முருங்கைக்கீரையும், பயறும், ஈரலும், அவற்றோடு ஒரு துண்டு எலுமிச்சையும் தம் வேலையைச் செய்யும். உணவோடு தேநீர் அருந்துவதை மட்டும் ஒத்திவையுங்கள். அது இரும்பு சேர்வதைத் தடுக்கும்.

தலையான புண்ணியங்கள் நான்கனுள் விவேகத்தைத் திருச்சபை முதலில் வைக்கிறது. மற்றப் புண்ணியங்களைச் செலுத்தும் தேர்ப்பாகன் என்றும் அதனை அழைப்பதுண்டு. பாகன் இல்லாத தேரில் இரக்கம் என்னும் குதிரை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் மிகுதி. குழந்தைக்கு மருந்தளிப்பதில் மட்டுமா? கேட்டதெல்லாம் வாங்கித் தரும் தந்தைக்கும், மகனின் கடனைத் திரும்பத் திரும்ப அடைக்கும் தாய்க்கும், துயருற்றவர் அருகில் மௌனமாய் இராமல் அறிவுரை பொழியும் நண்பருக்கும் இது பொருந்தும். நல்ல சமாரித்தனும் காயத்தைப் பார்த்து, அதற்கு வேண்டியதை வேண்டிய முறையில் செய்தான். பின்னர் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, திரும்பி வருவதாகவும் சொன்னான். அவனுடைய இரக்கத்தில் அவசரமும் இருந்தது, பொறுமையும் இருந்தது.

கெனெபாவின் தாய் ஒருத்தி தன் வெளிறிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, அவளுக்கு ஒரு புட்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. "இது இக்குழந்தைக்கு, இன்று, நன்மை செய்யுமா?" என்று கேட்பது கடினம். அந்தக் கடினமான கேள்வியைப் பல்லாண்டுகள் விடாது கேட்டதே அப்பேராசிரியரின் தொண்டு. நாமும் நம் பிள்ளைகளுக்கு எதனைக் கொடுக்கும் முன்பும் அக்கேள்வியை ஒரு கணம் கேட்டுக்கொள்வோம். கொடுக்கும் கரத்தையும், பொறுத்திருக்கும் மனத்தையும் இறைவன் நமக்கு ஒருங்கே அருள்வாராக!